அநியாயம் நட்டத்தில்தான் ஓடுமா?

அநியாயம் தானாகவே அழியும் என்றொரு நம்பிக்கை எங்களிடையே உண்டு. பக்தர்கள் தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இடதுசாரிகள் உள்முரண்பாடு கொல்லும் என்பார்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எதிர்பார்ப்புத்தான்: தீமை கடைசியில் கட்டுபடியாகாது. இதை உரைத்துப் பார்ப்பதற்கு அமெரிக்க அடிமைமுறையின் பொருளாதார வரலாறு நல்லதோர் இடம்.

1918இல் வரலாற்றாசிரியர் யூ. பி. பிலிப்ஸ், தென் மாநிலங்களின் அடிமைமுறை பெரும்பாலும் இலாபமற்றது என்று எழுதினார். இந்த முடிவு தோட்டச் சொந்தக்காரருக்கே உதவியது. நட்டத்திலும் அடிமைகளைப் பராமரித்தவர் கருணையாளராகிவிடுகிறார். தானாகச் சாகவிருந்த ஒரு முறைக்காக உள்நாட்டுப் போர் எதற்கு என்ற கேள்வியும் பிறக்கிறது.

1958இல் கொன்ராட், மேயர் என்ற இரு பொருளியலாளர்கள் இதைக் கோட்பாட்டால் சோதித்தார்கள். ஒரு மூலதனப் பொருளின் விலை அது இனித் தரப்போகும் வருமானத்தைப் பொறுத்தது. அடிமையின் விலை, ஆயுட்காலம், பராமரிப்புச் செலவு, பருத்தியின் விளைச்சல், விலை எல்லாவற்றையும் சேர்த்துக் கணித்தபோது, அந்த முதலீடு மற்றைய முதலீடுகளுக்குக் குறையாத இலாபத்தைத் தந்தது தெரிந்தது. 1860இல் அங்கே ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகள் இருந்தார்கள். அந்த முறை சாகக் கிடக்கவில்லை.

1974இல் ஃபோகலும் எங்கர்மனும் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். தெற்கின் அடிமை விவசாயம் வடக்கின் குடும்பப் பண்ணைகளைவிட 35 சதவீதம் வினைத்திறன் கூடியது என்றார்கள். ஒரு லூசியானாத் தோட்டக்காரரின் நாட்குறிப்பை வைத்து, ஆளொருவருக்கு ஆண்டுக்குச் சராசரி 0.7 கசையடித் தண்டனை என்றும் கணித்தார்கள். மறு ஆண்டே ஹேர்பேட் கட்மன் அதே நாட்குறிப்பை வேறுவிதமாக எண்ணினார். நாலரை நாளுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் அடிபட்டிருக்கிறார். முதற் கணக்கு அடிபட்ட முதுகுகளைப் பங்குபோட்டது. இரண்டாவது, பார்த்துக்கொண்டு நின்றவர்களின் பயத்தைக் காட்டியது.

வினைத்திறன் என்ற சொல்லையும் இப்படித்தான் விசாரிக்கவேண்டும். உழைத்தவர் அந்த வேகத்துக்குச் சம்மதித்தாரா என்பதற்கு அக்கணக்கில் இடமில்லை. உணவகங்களில் கோப்பை கழுவுகிற எங்களுக்கு வேகத்தின் அருமை தெரியும். ஆனால் வாடகைப் பயத்தோடு என்றாலும் நாங்கள் ஏப்ரனைக் கழற்றிவைத்துவிட்டு வெளியே வரலாம். அவர்களுக்கு அது இல்லை. 1865இன் பின், விடுதலை பெற்றவர்கள் பழைய கூட்டுவேலை முறைக்குத் திரும்ப மறுத்தார்கள். கணக்கில் விடுபட்ட பதில் அதுதான்.

இத்தனைக்கும் பிறகு, அந்தப் பொருளியலாளர்கள் எங்களிடமிருந்து ஒரு சாட்டைப் பறித்தது நல்லதென்றே நினைக்கிறேன். அடிமைமுறை வீழ்ந்தது பொருளாதாரத் தோல்வியால் அல்ல, அரசியல், அற எதிர்ப்பினால்தான் என்று 1989இல் ஃபோகலே வாதிட்டார். தப்பி ஓடியவர்களும், போரில் மடிந்தவர்களும், 1865இல் நிறைவேறிய 13ஆவது திருத்தமும் அதை முடித்தார்கள். சந்தை முடிக்கவில்லை.

நட்டம் என்பதால் மட்டும் அநியாயத்தை எதிர்ப்பவர், அது இலாபம் தருகிற நாளில் வாய்மூடி நிற்கவேண்டி வரும். காலம் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கும் நாங்கள் யோசிக்கவேண்டியது இதைத்தான்.