பிழையும் பழியும்

பிழையொன்று தென்படும்போது மாந்தர் உள்ளத்தில் இருவகை வினாக்கள் எழுகின்றன. "பிழை யாது?" என்பது ஒன்று; "பிழை செய்தவர் யார்?" என்பது மற்றொன்று. முன்னதற்கு விடை காணுமுன்னரே பின்னதற்கு விடை கூறிவிடுதல் நம்மிடையே பெருவழக்காக உள்ளது. இது வெறும் அவசரமா, அன்றி அறத்திற்கே மாறானதா? எம் இல்லத்தில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று இவ்வினாவை எம் முன் நிறுத்தியது.

குடும்பத்தார் எழுவரும் ஒருங்கே செல்வதற்காக எம் மகன் எஸ்.யூ.வி. வகையைச் சேர்ந்த பெரிய கார் ஒன்றை வைத்துள்ளார். சென்ற ஐப்பசியில், அதன் முன்பக்கத்து இடப்புறச் சக்கரத்தருகே 'டொக், டொக்' என்றோர் ஓசை எழலாயிற்று. அதற்குச் சில நாள்கள் முன்னர்தான், இரவு மழையில் நீர் நிறைந்திருந்த பள்ளமொன்றில் ஓட்டுநர் வண்டியை இறக்கிவிட்டிருந்தார். ஆகவே, வேறு காரணம் தேட வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. பணிமனையினரும் பள்ளம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முன்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் ஸ்டெபிலைசர் லிங்க்குகளையும் மாற்றினர். 14,000 ரூபாய் செலவாயிற்று. அதில் 2,000 ரூபாய் ஓட்டுநரின் ஊதியத்தில் பிடிக்கப்பெற்றது. பதினோராண்டுகளாக எம்மிடம் பணிபுரியும் அவர், அண்டை வீட்டார் இருவர் முன்னிலையில் கடிந்துரைக்கவும் பட்டார். ஓசையோ நின்றபாடில்லை.

பின்னர் வண்டி வேறொரு முதிய மெக்கானிக்கிடம் சென்றது. யாமும் உடன் சென்றிருந்தோம். அவர் கருவி எதனையும் கையிலெடுக்கவில்லை. ஓட்டுநரை அருகழைத்து வினவலானார். "நின்ற இடத்தில் எஞ்சினை முடுக்கினால் ஓசை வருகிறதா?" இல்லை, ஆதலின் எஞ்சின் அன்று. "முழுதும் ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்கிறதா?" இல்லை; ஆதலின் சக்கரத்திற்கு விசை கொண்டுசெல்லும் அச்சின் மூட்டும் அன்று. "நிற்கும் வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பினால்?" ஓசையில்லை, ஷாக் அப்சார்பரின் மேற்பிடிப்பிலும் ஐயம் குறைந்தது. "மேடுபள்ளத்தில் மெல்லச் செல்லும்போது பிரேக்கின்மீது காலை இலேசாக வைத்தால்?" 

"உடனே நின்றுவிடுகிறது ஐயா" என்றார் ஓட்டுநர்.

"இதை ஏன் முன்னரே சொல்லவில்லை தம்பி?" என்று யாம் வினவினோம்.

"யாரும் கேட்கவில்லை அம்மா" என்பதே விடை.

இடப்புறச் சக்கரம் கழற்றப்பட்டது. பிரேக் பேடுகளைத் தாங்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளுள் ஒன்று பெரிதும் தளர்ந்திருந்தது. பிரேக்கை அழுத்தினால் காலிப்பர் சுழலும் தட்டினை இறுகப் பற்றிக்கொள்ளும். அப்போது ஆட்டம் இல்லை. காலை எடுத்தால் மேடுபள்ளந்தோறும் ஆடி மோதும். ஓசையின் காரணம் அவ்வளவே. அவர் புதிய போல்ட்டைப் பொருத்தி, காலிப்பர் பின்களுக்கு உரிய கிரீஸ் இட்டு, குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சினால் முடுக்கினார். ஒரு மணி நேரத்திற்குள் பணி முடிந்தது. கூலியும் பொருளும் சேர்ந்து 600 ரூபாய். அந்தப் போல்ட் முற்றிலும் கழன்றிருப்பின், காலிப்பர் புரண்டு சக்கரத்தில் மோதி, ஓடும் வண்டியைத் தடுமாறச் செய்திருக்கக்கூடும். ஓட்டுநர்மீது பழியைச் சுமத்தி யாம் நிறைவடைந்திருந்த அத்தனை நாள்களும், எம் பேரக் குழந்தைகள் அந்த ஆபத்தின்மேல் அமர்ந்தே பயணம் செய்தனர்.

இங்கு எம் குற்றத்தையும் மறைத்தல் கூடாது. மாணவன் தவறான விடை எழுதினால், சுழியிடுமுன் அவன் அவ்விடையை அடைந்த வழியைக் கேட்டறிக என்று ஆசிரியப் பயிற்சியிலேயே எமக்குக் கற்பித்தனர். பணிக்காலம் முழுதும் அதனைப் பின்பற்றினோம். எனினும் ஓட்டுநர் தலைகுனிந்து நின்ற அன்று, 'வண்டியைப் பற்றி நமக்கென்ன தெரியும்' என்று வாளாவிருந்தோம். வண்டியைப் பற்றி யாம் அறியாதது மெய்யே. ஆனால் ஒருவரைக் கேளாமலே தண்டித்தல் ஆகாது என்பதையும் அறியாதவரா யாம்?

உண்மை விளங்கியதும் எம் மகன் நாணினார். அடுத்த கணமே, மழைக்கு முன்னர் பிரேக் பேடுகளை மாற்றிய மற்றொரு பணிமனையினர்மீது சினங்கொண்டார். மெக்கானிக் அவரைத் தடுத்தார். "அவர்கள் முடுக்காமல் விட்டார்களா, பிறகு தளர்ந்ததா என்பதை இப்போது பார்த்துச் சொல்ல இயலாது சார்" என்றார். ஒரு பழி நீங்கிய இடத்தில் மற்றொரு பழியை வைத்துவிட மனம் எத்துணை விரைகின்றது! அங்ஙனமாயின் வாய்மூடி இருந்துவிடலாமா? அதுவும் அறமாகாது. அவர்கள் கைப்பட்ட பிற வண்டிகளிலும் அக்குறை இருக்கலாம். எனவே கண்டதை மட்டும், குற்றஞ்சாட்டாது, அப்பணிமனைக்குத் தெரிவித்தோம். தீர்ப்பை நிறுத்திவைத்தல் வேறு. தீங்கினை மறைத்தல் வேறு.

பிடித்த 2,000 ரூபாயை மகன் அன்றே திருப்பித் தந்தார். ஆனால் பிறர் முன்னிலையில் பேசிய சொல்லைத் தனிமையில் திரும்பப் பெறுதல் முறையாகாது. ஆதலின் அண்டை வீட்டார் இருவரையும் அழைத்து, அவர்கள் முன்னிலையிலேயே மகனும் யாமும் ஓட்டுநரிடம் வருத்தம் தெரிவித்தோம். "பரவாயில்லை அம்மா" என்று அவர் கூறினார். அவர் உள்ளத்தில் அந்நாளின் வடு ஆறிற்றா என்பதை யாம் அறியோம்.

தளர்ந்த போல்ட்டை முடுக்கக் கருவி உண்டு. சொல்லிவிட்ட கடுஞ்சொல்லை மீட்கும் கருவி எப்பணிமனையிலும் இல்லை. ஆகவே, பழி கூறுமுன் ஒரு வினாவேனும் கேட்டறிவோமாக.