ஜிம் வாசலில் வரும் வெட்கம் ஹயாவா?

நாற்பதை நெருங்கும் சகோதரர் ஒருவர். ஜவுளிக்கடை வைத்திருப்பவர். காலை முதல் இஷா வரை கல்லாவில் அமர்ந்தே காலம் கழிப்பவர். இரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டதைக் கண்ட மருத்துவர், மாத்திரையோடு தேகப்பயிற்சியும் கட்டாயம் வேண்டும் என்று கூறிவிட்டார். அவரும் பக்கத்துத் தெருவிலுள்ள ஜிம்முக்கு ஒரு மாதச் சந்தா கட்டினார். இருமுறை வாசல் வரை சென்றார். உள்ளே வாலிபர்கள் பளு தூக்குவதைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். பிறகு நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், ஹயா ஈமானின் ஒரு கிளை என்று நீங்கள்தானே பயானில் சொல்கிறீர்கள்? எனக்கு அங்கே நுழைய வெட்கமாக இருக்கிறது. அப்படியானால் இந்த வெட்கமும் நல்லதுதானே?” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆயினும் சிரித்து ஒதுக்கிவிடத்தக்க கேள்வியன்று இது. ஹயா ஈமானின் கிளை என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள ஹதீஸ். ஹயா நன்மையைத் தவிர வேறெதையும் கொண்டு வராது என்ற கருத்தில் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸும் உண்டு. இதை அவர்கள் எடுத்துரைத்தபோது அங்கிருந்த புஷைர் இப்னு கஅப் என்பவர், வெட்கத்தில் சில வகை பலவீனமும் ஆகும் என்று ஞான நூல்களில் கண்டிருப்பதாகக் கூறினார். நாயகத்தின் சொல்லுக்கு எதிரே ஏட்டுச் சொல்லை வைப்பதா என்று இம்ரான் (ரலி) அவர்களுக்குக் கண்கள் சிவக்குமளவு கோபம் வந்துவிட்டது. ஆகவே வெட்கத்தில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு என்று அவசரமாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. அப்படியெனில், வைத்தியம் செய்துகொள்ள வேண்டியவரை வாசலிலிருந்து திருப்பி அனுப்பிய அந்த உணர்ச்சிக்கு என்ன பெயர்?

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் ஷரீஃபின் விரிவுரையில் இந்த முடிச்சை அவிழ்க்கிறார்கள். இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்களின் விளக்கத்தையே அங்கே எடுத்துக் காட்டுகிறார்கள். அதன் சாரம் வருமாறு: செய்ய வேண்டியதைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுப்பது உண்மையில் ஹயாவே அன்று, அது இயலாமை, ‘அஜ்ஸ்’. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் மக்கள் வழக்கில் அதற்கும் ஹயா என்று பெயர் வந்துவிட்டது. மெய்யான ஹயா இழிவானதை விடச் செய்யும். உரிமையுடையோரின் உரிமையில் குறை வைக்காமல் காக்கும்.

இனி உரிமை என்ற சொல்லைக் கவனியுங்கள். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உம் உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்ற கருத்தைக் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். இபாதத்தே அந்த உரிமையைத் தட்டிப் பறிக்கக்கூடாது என்னும்போது, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நிற்கும் நான்கு வாலிபர்களின் பார்வை அதைப் பறிக்கலாமா? பலமான முஃமின் சிறந்தவர் என்று தொடங்கும் முஸ்லிம் ஷரீஃபின் ஹதீஸிலும், உனக்குப் பயன் தருவதில் முனைந்து நில், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாமைக்கு இடம் கொடுக்காதே என்ற கருத்து வருகிறது. அங்கே விலக்கப்படுவதும் இதே ‘அஜ்ஸ்’தான். ஆனால் ஒன்று. இந்த ஹதீஸைப் பெரிய எழுத்தில் எழுதி, புஜம் புடைத்த படத்தோடு சிலர் சுவரில் ஒட்டுகிறார்கள். இதிலுள்ள பலத்தை மறுமைக் காரியங்களில் மனத்துக்குள்ள உறுதி என்றே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். தேகபலம் அந்த உறுதிக்கு வாகனமாகலாம். வாகனத்தைத் துடைத்துத் துடைத்து வாசலிலேயே நிறுத்தி வைப்பவரைப் பற்றியதன்று அந்த ஹதீஸ்.

அந்தச் சகோதரரிடம், “உள்ளே போனால் என்ன நடந்துவிடும் என்று பயந்தீர்கள்?” என்று கேட்டோம். சற்று யோசித்து, “எனக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்” என்றார். விஷயம் இங்கேதான் இருக்கிறது. அவ்ரத் வெளிப்பட்டுவிடுமோ என்றோ, பார்வை தவறிவிடுமோ என்றோ அவர் அஞ்சியிருந்தால் அது ஹயா. ஊரில் முதலாளி என்று பெயர் எடுத்தவர், இருபது வயதுப் பையனிடம் “தம்பி, இதை எப்படிப் பிடிக்க வேண்டும்?” என்று கேட்க நேருமே என்று அஞ்சினால், அதன் அடியில் பெருமையின் வாடை இருக்கிறது. வெட்கப்படுபவருக்கும் பெருமையடிப்பவருக்கும் கல்வி வாய்க்காது என்ற கருத்தில் தாபியீன்களில் ஒருவரான முஜாஹித் (ரஹ்) அவர்கள் கூறியதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்விருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது எவ்வளவு பொருத்தம்! அதே இடத்தில்தான், மார்க்கத்தைக் கற்க வெட்கம் தங்களுக்குத் தடையாக விடாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்ததும் வருகிறது. அப்பெண்களை விட ஹயா உடையவர்கள் நம்மில் யார்?

பிறர் பார்க்கிறார்கள் என்பதற்காக ஓர் அமலை விட்டுவிடுவதும் ரியாவே என்ற கருத்து, ஹிஜ்ரி 187இல் மறைந்த ஃபுளைல் இப்னு இயாள் (ரஹ்) அவர்களைத் தொட்டு வந்துள்ளது. பிறர் பார்க்கச் செய்வதை மட்டும் ரியா என எண்ணியிருப்போருக்கு இது வியப்பளிக்கும். இரண்டிலும் மனம் தராசாக வைத்துக்கொண்டது மனிதர் கண்ணைத்தானே?

அந்தக் கண்களும் நாம் நினைக்குமளவு நம்மைப் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளநூலார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு சுவையானது. மாணவர்களுக்கு, அணிந்தால் கூச்சம் வரத்தக்க ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை மாட்டிவிட்டு, பிற மாணவர்கள் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையிலிருந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பர் என்று அணிந்தவர்கள் எண்ணினார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப்பேர்தான். ஜிம்மில் இன்னும் குறைவாகவே இருக்கும் என்பது நமது எண்ணம். அங்கே சுவரெல்லாம் கண்ணாடி. அவரவர் முகத்தைப் பார்க்கவே அவரவருக்கு நேரம் போதவில்லை!

குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீயை நமது இல்லங்களில் அறியாதவர் இலர். 1954இல், பன்னிரண்டு வயதில், அவருடைய சைக்கிள் திருடு போயிற்று. திருடியவனை அடித்து நொறுக்குவேன் என்று அழுதுகொண்டே லூயிவில் நகரத்துப் பயிற்சிக் கூடத்துக்குள் சென்றார். அங்கே பயிற்சியளித்து வந்த ஜோ மார்ட்டின் என்னும் போலீஸ்காரர், முதலில் சண்டையிடக் கற்றுக்கொள் என்றார். ஆறு ஆண்டுகளில் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வந்தது. கண்ணீரோடு நுழைந்த பையனுக்கு அன்று ஒன்றும் தெரியாது என்பதை அந்தக் கூடமே பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

ஹயாவுக்கு ஜிம்மில் வேலையே இல்லையோ என்றால், நிறைய உண்டு. ஆண்களுக்குத் தொப்புள் முதல் முழங்கால் வரை மறைக்க வேண்டும். முழங்காலும் அவ்ரத்தே என்பது ஹனஃபி மத்ஹபு. ஷாஃபியீ மத்ஹபில் முழங்கால் அவ்ரத்தில் சேராது. எம்மத்ஹபினராயினும் முழங்காலுக்குக் கீழே இறங்கும் தளர்ந்த கால்சட்டை அணிந்தால், குனிந்தாலும் அமர்ந்தாலும் கவலையில்லை. ஆண் பெண் கலந்து பயிலும் இடத்தை விட்டு, தனி நேரமோ தனி இடமோ உள்ள கூடத்தைத் தேட வேண்டும். சட்டையைக் கழற்றிப் படமெடுத்துக் கைப்பேசியில் ஊருக்கெல்லாம் அனுப்பும் வழக்கத்தைப் பற்றி நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? உள்ளே நுழைய வெட்கப்பட்ட அதே வாலிபர், ஆறு மாதத்தில் இதற்கு வெட்கப்படாமல் போகிறார். சீக்கிரம் உடம்பு ஏற ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வோரும் உளர். இதயத்தையும் கல்லீரலையும் கெடுத்து, பிள்ளைப்பேற்றையும் பாதிக்கும் மருந்து அது. அமானிதமாகத் தரப்பட்ட உடலில் இந்த விளையாட்டு வேண்டாம்.

இனி, பயத்தைப் போக்கும் வழி. என்ன செய்யப் போகிறோம் என்பது தெரியாததே பயத்தில் பெரும்பகுதி. ஒரு துண்டுக் காகிதத்தில் அன்றைய பயிற்சியை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறவருக்குக் கால் நடுங்காது. முதல் நாள் கூட்டம் குறைந்த நேரத்தில் செல்லுங்கள். “நான் புதியவன், மாஸ்டர்” என்று பயிற்சியாளரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒளிக்க நினைத்தது வெளியே வந்துவிட்டால் பிறகு ஒளிக்க ஒன்றுமில்லை. அன்று எந்தக் கருவி எதற்கு என்று கேட்டறிந்து, பத்து நிமிடம் டிரெட்மில்லில் நடந்துவிட்டு வந்தாலே போதும்.

பயிற்சித் திட்டத்துக்கு நாம் ஹிஃப்ளு மதரஸாவைத்தான் உதாரணம் காட்டுவோம். அங்கே பிள்ளைக்கு முதல் நாளே ஒரு ஜுஸ்உவைக் கொடுப்பதில்லை. சில வரிகள் புதுப்பாடம், அத்துடன் நேற்றைய பாடம், அத்துடன் பழைய பாடம். பழையது உறுதிப்படாமல் புதியதை ஏற்றும் உஸ்தாது இல்லை. தசைகளுக்கும் இதே கணக்குத்தான். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதுமானது. ஒவ்வொரு முறையும் முழு உடலுக்கும் பயிற்சி இருக்கட்டும்: உட்கார்ந்து எழுவதும் லெக் பிரஸும் காலுக்கு, சுவரிலோ பெஞ்சிலோ கையூன்றிச் செய்யும் தண்டாலும் நெஞ்சால் தள்ளும் கருவியும் மேலுடலுக்கு, மேலிருந்து கீழே இழுக்கும் கருவி முதுகுக்கு, டம்பெல்லைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பது பிடிமானத்துக்கு. தொடக்கத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம் நடந்து உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை செய்வது ஒரு செட். முதலிரண்டு வாரம் ஒரு செட்டே போதும், பிறகு இரண்டு. இன்னும் இரண்டு மூன்று தடவை செய்ய முடியும் என்னும்போதே நிறுத்திவிட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கலாகாது; தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். பன்னிரண்டைத் தாண்டி இரண்டு தடவை எளிதாக முடிந்தால், அடுத்த முறை எடையைப் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் கூட்டலாம். இருபது கிலோ என்றால் இரண்டு கிலோதான் உச்சம். எத்தனை கிலோ, எத்தனை தடவை என்று தேதியிட்டு எழுதி வாருங்கள். இந்த நோட்டு இருந்தால் பக்கத்துப் பெஞ்சுக்காரரின் எடையைப் பார்க்க வேண்டிய தேவையே வராது. நேற்றைய உங்களோடுதான் இன்றைய உங்களுக்குக் கணக்கு.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிக்கும். தீங்கில்லை, தானே போய்விடும். மூட்டில் குத்தும் வலியும் நெஞ்சுவலியும் மயக்கமும் வேறு. உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதயக் கோளாறு, இரத்த அழுத்தம் உள்ளோர் தொடங்குமுன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்போருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடக் கூடும். இனிப்பு ஏதேனும் கையில் இருக்கட்டும். முதல் சில வாரங்களில் கண்ணாடியில் மாற்றம் தெரியாது. ஆனால் பலம் கூடியிருக்கும். காரணம், தசை பெருக்குமுன் நரம்புகள் அதை இயக்கப் பழகிக்கொள்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பையும், இரண்டு நாட்களாவது தசைப் பயிற்சியையும் சொல்கிறது. இதை முதல் மாதமே எட்ட வேண்டியதில்லை. அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் நிலையாகச் செய்யும் அமலே என்பதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக அறிந்த சமுதாயம் நாம்.

தொழுகையே போதிய தேகப்பயிற்சி என்று சிலர் பேசுவதை நாம் ஏற்பதில்லை. தொழுகை இபாதத், அதைக் கலோரிக் கணக்கில் இறக்குவது அதன் கண்ணியத்துக்குப் பொருந்தாது. மாலையில் பயில்வோர் மஃரிபு தவறாதபடி நேரம் வகுக்கட்டும். ரமளானில் எடையைக் குறைத்து, இஃப்தாருக்குப் பின்னரோ தராவீஹுக்குப் பின்னரோ வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கனவே பயின்று பலம் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கலாகாது என்பது சூரத்துல் ஹுஜுராத்தில் வந்துள்ள தடை. கனத்த உடம்போடு முதல்நாள் வருபவரைக் கண்டு கண்ஜாடை காட்டுவதும், தெரியாமல் அவர் செய்யும் அசைவைப் படமெடுப்பதும் அந்தத் தடைக்குள் வரும். எழுந்து சென்று ஸலாம் கூறி, கருவியின் இருக்கையை அவர் உயரத்துக்குச் சரிசெய்து கொடுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

வீட்டிலுள்ள நமது தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் இந்த உரிமை உண்டு. மாதவிடாய் நின்ற பின் எலும்பு வேகமாகத் தேய்வதால் பளுவோடு செய்யும் பயிற்சி அவர்களுக்கு மிகவும் தேவை. பெண்களுக்கான கூடம் அருகில் இல்லையெனில் வீடே போதும்: நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், பளு தூக்குதல். பளுவுக்கு எங்கும் அலைய வேண்டாம். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் ஏறத்தாழ ஒரு கிலோ. கைக்கு ஒன்றாக இரண்டு எடுத்துக்கொள்ளலாம்.