தனி வழியும் பொது வழியும்

பினாங்கின் கிழக்குக் கரையில், கெலுகோர் அருகே, மோட்டார் வண்டிகள் புகாத சைக்கிள் பாதை கடலோரமாகச் செல்கிறது. ஞாயிறு காலையில் பெண்களும் குழந்தைகளும் அச்சமின்றி அதில் மிதித்துச் செல்வதைக் காண நமக்கும் மகிழ்ச்சியே. உல்லாசம் செல்வர்க்கே உரியது, உழைப்பவனுக்கு உறக்கம் போதும் என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை.

ஆயினும் ஒன்று கேட்கிறோம். பொதுச் சாலையில் எளியவன் உயிருக்கு அஞ்சியே செல்லவேண்டியிருக்கையில், அவனுக்கு வேறு வழி அமைப்பது நீதியா? அல்லது வலியவன் பற்றிக்கொண்டதை அவனுக்கே சாசனம் செய்து கொடுப்பதா?

வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924-ல் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. 1925-ல் அது முடிவுற்றபோது மூன்று புறத்துத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு மட்டும் மேல்சாதியாருக்கென்றே நின்றது. விலக்கப்பட்டோருக்குச் சுற்றுவழி போட்டுக் கொடுத்தார்கள். மோட்டாருக்குச் சாதியில்லை, இரண்டு கொடுமையும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் "உனக்குத்தான் தனி வழி இருக்கிறதே" என்ற பதில் மட்டும் அன்றுபோலவே இன்றும் ஒலிக்கிறது.

கடலோரப் பாதை பொழுதுபோக்கச் செல்வோனுக்குப் போதும். வேலைக்குச் செல்வோன் கதி வேறு. 1985-ல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் இக்கரையிலிருந்தே புறப்படுகிறது. அதன் அழகைச் சைக்கிளில் இருந்தபடி பார்க்கலாம். அதன்மேல் நாள்தோறும் சைக்கிளில் செல்ல அனுமதியில்லை. அக்கரையில் வேலையுள்ளவன் ஜார்ஜ் டவுன் படகுத்துறை வரை மிதித்துச் சென்றுதான் கடல் கடக்க வேண்டும்.