சட்டம் அனுமதித்தால் ஹலாலாகி விடுமா? (ஜும்ஆ உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு உபதேசம் செய்கிறேன்.

இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் கஞ்சா. மிம்பரில் நின்று பேசக்கூடிய விஷயமா இது என்று சிலருக்குத் தோன்றலாம். நம் பிள்ளைகளின் கையிலுள்ள செல்போன் இதைப் பற்றித் தினமும் பேசுகிறது. நாம்தான் பேசாமல் இருக்கிறோம். "அத்தா, அமெரிக்காவில் கடை போட்டு விற்கிறார்கள். ஜெர்மனியில் சட்டமே அனுமதித்துவிட்டது. இது ஒரு மூலிகைதானே, சிகரெட்டை விட மேல்தானே?" என்று 17 வயது மகன் கேட்டால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? ஓங்கி ஓர் அறை பதில் ஆகாது. பதிலைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போவோம்.

உலகில் என்ன நடக்கிறது?

மகன் சொல்வது பொய்யில்லை. 2012-ல் அமெரிக்காவின் கொலராடோ, வாஷிங்டன் மாநில மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்தார்கள். இன்று அங்கே 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அனுமதி இருக்கிறது. 2013-ல் உருகுவே நாடு சட்டம் போட்டது. 2018 அக்டோபர் 17 முதல் கனடா முழுவதும் அனுமதி. 2024 ஏப்ரல் 1 முதல் ஜெர்மனியில் 18 வயது நிரம்பியவர் 25 கிராம் வரை வெளியில் வைத்துக்கொள்ளலாம். 2020 டிசம்பரில் ஐ.நா.வின் போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தபோது, நம் இந்தியாவும் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தது.

ஆனால் அந்த நாடுகள் ஏன் அனுமதித்தன என்பதையும் மகனுக்குச் சொல்ல வேண்டும். இது நல்ல பொருள் என்று எந்த அரசும் சான்றிதழ் கொடுக்கவில்லை. சிறைகள் நிரம்பின, கள்ளச் சந்தையில் பணம் குவிந்தது, தடுத்தும் நிற்கவில்லை. எனவே கட்டுப்படுத்தி விற்போம் என்று முடிவெடுத்தார்கள். அனுமதித்த ஜெர்மனியே 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குக் கொடுப்பதைக் குற்றம் என்கிறது. சிறுவர்களின் பக்கத்தில் நின்று புகைக்கக் கூடாது, பள்ளிக்கூடத்தின் கண்ணெதிரே புகைக்கக் கூடாது என்கிறது. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே நீக்கியது. கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 3 ஆண்டுகளில், 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அதே நாடு பின்வாங்கியது.

ஒரே செடி, ஊருக்கு ஒரு சட்டம்

சகோதரர்களே! ஜெர்மனியில் 25 கிராம் பையில் இருந்தால் போலீஸ்காரர் கடந்து போய்விடுவார். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. 2023 ஏப்ரலில், சுமார் 1 கிலோ கஞ்சா கடத்தலுக்கு உடந்தையாக இருந்த வழக்கில் நம் தமிழ் இனத்தைச் சேர்ந்த ஒருவர் அங்கே தூக்கிலிடப்பட்டார். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி 1 கிலோ வரை வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் போனால் 10 முதல் 20 ஆண்டுகள். அதே சட்டத்தில் அந்தச் செடியின் பூவும் காயும்தான் கஞ்சா. தனியாகப் பறித்த இலை அந்தக் கணக்கில் வராது. அதனால்தான் வடநாட்டில் சில மாநிலங்களில் அரசு உரிமத்தோடு பாங் கடை நடக்கிறது.

செடி ஒன்று. மனித மூளை ஒன்று. சட்டம் மட்டும் எல்லைக்கு எல்லை மாறுகிறது. விமானத்தில் ஏறும்போது குற்றமாக இருந்தது, இறங்கும்போது உரிமையாகி விடுகிறது. நாம் வாழும் நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்படுவது நம் கடமை. ஆனால் ஹலால், ஹராமைத் தீர்மானிக்கும் அதிகாரம் எந்தப் பாராளுமன்றத்துக்கும் இல்லை. வட்டியைச் சட்டம் அனுமதிக்கிறது. மதுவை அரசே கடை வைத்து விற்கிறது. அதனால் நமக்கு அவை ஹலாலாகி விட்டனவா?

மதீனாவில் நடந்தது

அல்லாஹ் மதுவை ஒரே நாளில் தடுக்கவில்லை. படிப்படியாகத் தடுத்தான். முதலில் அல்பகறா அத்தியாயத்தின் 219-ஆம் வசனத்தில், அதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் அதன் பாவமே பெரிது என்று உணர்த்தினான். பிறகு அந்நிஸா அத்தியாயத்தின் 43-ஆம் வசனத்தில், போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்றான். ஐந்து வேளை தொழும் மனிதனுக்குக் குடிக்க நேரம் எங்கே மிஞ்சும்? கடைசியில் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91-ஆம் வசனங்களில் முற்றாக விலகிவிடுங்கள் என்ற கட்டளை வந்தது. அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த அனஸ் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள்: அறிவிப்பைக் கேட்டதும் இருந்ததை எல்லாம் கொட்டினார்கள், மதீனாவின் தெருக்களில் மது ஓடியது.

அங்கே படிப்படியாகக் கதவு மூடப்பட்டது. இன்று உலகில் படிப்படியாகக் கதவு திறக்கப்படுகிறது. முதலில் மருந்துக்கு என்றார்கள், பிறகு சிறிய அளவுக்கு, பிறகு கடைக்கு. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிப்போவதுதான் ஆபத்து.

குர்ஆனில் கஞ்சா என்ற பெயர் இல்லையே என்று வாதம் செய்வோர் உண்டு. போதை தரும் ஒவ்வொன்றும் மதுவே, அது ஹராம் என்று நபி (ஸல்) அவர்கள் பொது விதியாகவே சொல்லிவிட்டார்கள். முஸ்லிமில் வரும் ஹதீஸ் இது. அதிகமாக உண்டால் போதை தருவது, கொஞ்சமாக உண்டாலும் ஹராம் என்றும் சொன்னார்கள். அறிவை மறைப்பதே மது என்று உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கினார்கள். இந்தச் செடியின் போதை முஸ்லிம் உலகில் பரவிய காலத்திலேயே இமாம் இப்னு தைமிய்யா அவர்கள் இதை ஹராம் என்று தீர்ப்பளித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் ஸர்கஷீ அவர்கள், ஹிஜ்ரி 8-ஆம் நூற்றாண்டில், இதன் தடையை விளக்கவே தனி நூல் எழுதினார்கள். இது இன்றைக்கு முளைத்த ஃபத்வா அல்ல.

மருத்துவம் வேறு. இச்செடியிலிருந்து எடுத்த, போதை தராத ஒரு பொருளைக் குழந்தைகளுக்கு வரும் சில கடுமையான வலிப்புகளுக்கு மருந்தாக 2018-ல் அமெரிக்கா அங்கீகரித்தது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்தை யாரும் இங்கே தடுக்கவில்லை. அதைக் காட்டி, தெருமுனையில் பொட்டலம் வாங்குவதை நியாயப்படுத்தக் கூடாது. வளரும் வயதில் தொடர்ந்து கஞ்சா புகைப்பவருக்கு நினைவாற்றல் குறைகிறது, மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

"என் உடம்பு, என் இஷ்டம்"

இதுதான் இன்றைய பெரிய வாதம். "நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை, என் பாட்டுக்குப் புகைக்கிறேன்." இந்த வாதத்துக்குப் பதில் சொல்ல நம் மாவட்டத்துக்காரர்களை விடத் தகுதியானவர் யார்?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வாசலை நினைத்துப் பாருங்கள். தீப்பெட்டி, லைட்டர், பீடி எதுவும் உள்ளே போகக் கூடாது. உரசினால் பொறி வரும் என்று இரும்புக் கருவியைத் தவிர்க்கிறோம். மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுமுன் முடிக்கப் பார்க்கிறோம். ஒருவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "என் வாய், என் பீடி, உனக்கென்ன?" என்று கேட்டால் போர்மேன் விடுவாரா? கூட வேலை செய்பவர்கள் விடுவார்களா? அந்தப் பொறி அவருக்கு மட்டும் சொந்தமில்லை என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. அதற்குக் காரணம் புகை என்று சொல்லவில்லை. இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டாரத்து மக்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். ஓரிடத்தில் பற்றியது அங்கேயே நிற்பதில்லை.

நபி (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உவமையாகச் சொன்னார்கள். புகாரியில் வருகிறது. சீட்டுப் போட்டுச் சிலருக்கு மேல்தளம், சிலருக்குக் கீழ்த்தளம் கிடைத்தது. கீழே இருந்தவர்கள், தண்ணீருக்காக மேலே போய்த் தொந்தரவு செய்வானேன், நம் பங்கில் ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோம் என்று நினைத்தார்கள். மேலே இருப்பவர்கள் அதைத் தடுக்காமல் விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். கையைப் பிடித்தால் எல்லோரும் பிழைப்பார்கள். "என் பங்கு" என்ற வாதம் அன்றைக்கே சொல்லப்பட்டதுதான்.

மகன் கஞ்சா புகைத்தால் அவன் உடம்பு மட்டுமா போகிறது? கையெல்லாம் வெள்ளித்தூள் படிய, கந்தக நெடியில் பகல் முழுக்க உட்கார்ந்து சம்பாதிக்கும் அவன் அம்மாவின் கூலி போகிறது. தங்கையின் நிம்மதி போகிறது. போதை தெளியாமல் காலையில் வேலைக்கு வந்தால், பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் உயிர் யார் பொறுப்பு?

வழி போட்டுக் கொடுத்தது யார்?

இப்போது பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. 2021-ல் நியூயார்க் மாநிலம் கஞ்சாவை அனுமதித்தபோது, எங்கே புகைக்கலாம் என்பதற்கு எளிய விதி வைத்தது. புகையிலை புகைக்கும் இடத்திலெல்லாம் இதையும் புகைக்கலாம். அதாவது சிகரெட் பிடித்து வைத்த இடத்தில் கஞ்சா வந்து உட்கார்ந்தது. நம் வீட்டிலும் அப்படித்தான். அத்தா திண்ணையில் ஊதுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் புகை ஒரு குற்றமாகவே தெரியாது. உள்ளே என்ன சுற்றியிருக்கிறது என்பது மட்டும்தான் மாறும்.

பீடி, சிகரெட் விஷயத்தில் முன்னோர்களான உலமாக்களில் சிலர் மக்ரூஹ் என்றார்கள். அதன் கேடு மருத்துவ ரீதியாக உறுதியான பின் ஹராம் என்போர் பலர். எப்படிப் பார்த்தாலும் அடுத்தவருக்குத் துன்பம் தருவதை யாரும் ஆகும் என்று சொல்லவில்லை. பூண்டு, வெங்காயம் ஹலாலான உணவு. அதைப் பச்சையாகத் தின்றுவிட்டு அந்த வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம், மனிதர்கள் எதனால் துன்பப்படுகிறார்களோ அதனால் மலக்குகளும் துன்பப்படுகிறார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வெறும் வாடைக்கே இந்தச் சட்டம் என்றால் நுரையீரலில் இறங்கும் நஞ்சுக்கு? புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள், அவர்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் புகைக்காமலேயே பிறர் விட்ட புகையால் இறந்தவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்ற விதி நாடு முழுக்க இருக்கிறது. 200 ரூபாய்க்குப் பயப்படுகிறோமோ இல்லையோ, பக்கத்தில் தொழுபவரின் ஹக்குக்குப் பயப்பட வேண்டாமா?

எனவே வேண்டுகோள் இது. ஒளூ செய்யும் இடத்திலும், பள்ளியின் வாசலிலும், ஜும்ஆ முடிந்து கூடி நிற்கும் இடத்திலும் புகை வேண்டாம். குழந்தை இருக்கும் வீட்டிலும் வண்டியிலும் வேண்டாம். "தம்பி, கடையில் ஒரு சிகரெட் வாங்கிட்டு வா" என்று பிள்ளையை அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்பது சட்டப்படியும் குற்றம். கடை வைத்திருக்கும் சகோதரர்களே, பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்ற சட்டத்தையாவது அமானிதமாக எண்ணிக் காப்பாற்றுங்கள்.

மாட்டிக்கொண்ட பிள்ளையை என்ன செய்வது?

வீட்டில் ஒரு பிள்ளை இதில் விழுந்துவிட்டால் மூடி மறைக்கிறோம். வெளியே தெரிந்தால் சம்பந்தம் கெட்டுப்போகும், ஜமாஅத்தில் தலை குனிய வேண்டும் என்ற பயம். மறைக்க மறைக்க வியாதி முற்றுகிறது.

குடித்த குற்றத்துக்காக ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் பலமுறை கொண்டுவரப்பட்டார். எத்தனை தடவைதான் இப்படி என்று ஒருவர் அவரைச் சபித்தார். சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிக்கிறார் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரியில் இருக்கிறது இந்தச் செய்தி. தண்டனை உண்டு, ஆனால் தள்ளி வைக்கவில்லை. ஷைத்தானின் கையில் ஒப்படைக்கவில்லை.

நம் நாட்டின் சட்டத்திலும் வழி இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலோ சிக்கியிருந்தாலும், தானே முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெறலாம் என்று அதன் 64ஏ பிரிவு சொல்கிறது. போதை மீட்புக்கு 14446, புகையிலையை விட 1800-11-2356 என்று கட்டணமில்லாத தொலைபேசி எண்கள் இருக்கின்றன. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, ஒரு குடும்பம் உங்களிடம் வந்து அழுதால் அது அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் காப்பாற்றுங்கள், கூடவே மருத்துவமனைக்குப் போங்கள். விற்பவனைக் காட்டிக்கொடுக்கத் தயங்காதீர்கள். விழுந்தவனைத் தூக்கத் தயங்காதீர்கள்.

1920-களில் இந்த மண்ணிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். நூறு வருடமாக நெருப்பை வைத்தே சோறு உண்ணும் பூமி இது. நெருப்பை எங்கே வைக்கக் கூடாது என்று உலகத்துக்கே பாடம் நடத்தக்கூடியவர்கள் நீங்கள். ஆலை வாசலில் காட்டும் அந்தக் கவனத்தை வீட்டு வாசலிலும் காட்டுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் அறிவை எல்லாப் போதைகளிலிருந்தும் காப்பாற்றுவாயாக! விழுந்தவர்களுக்குத் தவ்பாவையும் ஷிஃபாவையும் தருவாயாக! பட்டாசு ஆலைகளில் உழைக்கும் அனைத்து மக்களின் உயிரையும் பாதுகாப்பாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.