பேரீச்சையும் கத்தரிச் செடியும்

பல வருடங்களுக்கு முன்னர் கேகாலை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியராக இருந்தேன். ஒருநாள் பெற்றோர் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "பூச்சியக் கொல்ற சக்திய விதைக்குள்ளயே வைக்கிறாங்களாமே, அது சரியா சேர்?" என்று ஒருவர் கேட்டார். நான் யோசிக்கவில்லை. "இறைவனின் படைப்பில் கை வைப்பது பாவம்" என்றேன்.

கேட்டவர் தோட்டத்தில் மருந்தடிப்பவர். லயத்துக்குப் பின்னால் கத்தரியும் மிளகாயும் போட்டிருந்தார். பேசாமல் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். தோல் வெடித்து, நகங்கள் கறுத்திருந்தன. "இதுவும் படைப்புத்தானே சேர்?" என்றார்.

நஞ்சை மருந்து என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தக் கைகள் கண்ணில் படுவதில்லை. அன்று என்னிடம் பதிலும் இருக்கவில்லை.

நான் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. மனிதரைத் தூண்டி அல்லாஹ்வின் படைப்பை மாற்றச் செய்வதாக ஷைத்தான் சூளுரைத்ததை ஸூரத்துந் நிஸா கூறுகிறது. ஆனால் அதே தோட்டத்தின் தேயிலையைப் பாருங்கள். விட்டால் மரமாக வளரக்கூடியதைக் கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்தியிருக்கிறோம். வீபி மலைகளில் ஒரு தாய்ச்செடியின் தண்டுகளே ஆயிரமாயிரம் செடிகளாக நிற்கின்றன. இதை எந்த ஆலிமும் பாவம் என்றதில்லை. 1998இல் மக்காவில் கூடிய ராபிதாவின் பிக்ஹுப் பேரவையும், தீங்கு நேராதவரை பயிர்களில் மரபணுப் பொறியியலைப் பயன்படுத்தலாம் என்றே தீர்மானித்தது. ஆக, மாற்றலாமா என்பதல்ல வினா. தீங்கு என்பதை யார் அளப்பது, யார் சுமப்பது என்பதே வினா.

கத்தரியையே எடுத்துக்கொள்வோம். அதன் பெரும் எதிரி தண்டையும் காயையும் துளைக்கும் புழு. உள்ளே புகுந்துவிட்டால் தெளிக்கும் நஞ்சு அதை எட்டாது. அதனால் விவசாயி மீண்டும் மீண்டும் தெளிக்கிறார். மண்ணில் வாழும் பசிலஸ் துரிஞ்ஜியென்சிஸ் என்ற பக்டீரியா, இத்தகைய புழுக்களின் குடலைச் சிதைக்கும் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அதற்குரிய மரபணுவைக் கத்தரிக்குள் வைத்ததே பீ.டி. கத்தரி. இந்தியா 2010 பெப்ரவரியில் அதை நிறுத்திவைத்தது. பங்களாதேஷ் 2013இல் அனுமதித்து, 2014 ஜனவரியில் இருபது விவசாயிகளின் கையில் நாற்றைக் கொடுத்தது. அங்கு மருந்தடிப்பு கணிசமாகக் குறைந்ததாகக் கள ஆய்வுகள் சொல்கின்றன. என் நண்பரின் கைகளை நினைக்கும்போது இது சிறிய செய்தியல்ல.

இன்னொன்றும் உண்டு. அங்கே கொடுக்கப்பட்டவை அரச ஆராய்ச்சி நிறுவனத்தின் இரகங்கள். விவசாயி தன் காயிலிருந்தே அடுத்த பருவத்துக்கு விதை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் 2002இல் அனுமதி பெற்ற பீ.டி. பருத்தியோ பெரும்பாலும் கலப்பின விதையாகவே வந்தது. ஒவ்வொரு வருடமும் கடைக்குப் போயாக வேண்டும். சில வருடங்களிலேயே குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்குப் பழகியும் போனது. நுட்பம் ஒன்றுதான். ஓரிடத்தில் விதை உழுபவனின் கையில் இருக்கிறது, மற்ற இடத்தில் இல்லை.

அப்படியானால் நஞ்சையும் நுட்பத்தையும் விட்டு, இயற்கையோடு இருந்துவிடலாமே எனத் தோன்றும். நமது தேயிலையின் கதை அத்தனை இலகுவானதல்ல. 1930களின் நடுப்பகுதியில், இலை சுருட்டிப் புழுவை அடக்க ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்நிய உயிரொன்றைத் திரும்பப் பெறமுடியாதபடி அவிழ்த்துவிட்டதும் படைப்பில் கை வைத்ததுதான். ஆயினும் அந்தக் குளவி தேயிலையைக் காத்தது. பின்னர் 1950களில், தண்டு துளைக்கும் வண்டுக்கென டீல்ட்ரின் தெளித்தார்கள். குளவிகள் மடிந்தன, அடங்கியிருந்த புழு மீண்டும் கிளம்பியது.

2021இல் நேரெதிரானது நடந்தது. இயற்கையின் பெயரால் இரசாயன உரமும் பூச்சிநாசினியும் ஒரே கட்டளையில் தடைசெய்யப்பட்டன. நவம்பரில் தடை நீங்கும்வரை சப்ரகமுவவின் சிறுதோட்டக்காரர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். கொழுந்து குறைந்தால், நிறை போதாதென்று கூலியாளுக்கு அரைப்பேர் விழும் என்பது தோட்டம் அறிந்த எவருக்கும் தெரியும். நஞ்சைத் தெளிக்கச் சொன்னபோதும் அவரைக் கேட்கவில்லை. நிறுத்தச் சொன்னபோதும் கேட்கவில்லை.

இங்கேதான் மதீனத்துப் பேரீச்சை நினைவுக்கு வருகிறது. ஆண் பாளையின் மகரந்தத்தைப் பெண் மரத்தில் சேர்த்துக்கொண்டிருந்தவர்களைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்), அது அவசியமா என்ற கருத்தில் ஏதோ சொன்னார்கள். மக்கள் விட்டுவிட்டார்கள். விளைச்சல் குறைந்தது. அதனை அறிந்த நபியவர்கள், உங்கள் உலக காரியத்தை நீங்களே நன்கறிவீர்கள் என்ற கருத்தில் பதில் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இதை விஞ்ஞானத்துக்கான அனுமதிச் சீட்டாகவே நாம் மேடைகளில் எடுத்துக்காட்டி வந்திருக்கிறோம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. வஹீ இறங்கிய மனிதரே, மரம் ஏறியவர்களின் அறிவுக்கு இடம்விட்டு விலகி நின்றார்கள். ஆய்வுகூடத்துக்கும் அமைச்சுக்கும் மிம்பருக்கும் அந்தப் பணிவு வாய்த்திருக்கிறதா?

பூமி நம்மிடம் தரப்பட்ட அமானிதம் என்கிறோம். அதை மண்ணில் கால் பதித்தவனிடம் கேளாமல் நிர்வகிப்பது, இயற்கை விவசாயமானாலும் மரபணுவானாலும், அமானிதத்துக்குச் செய்யும் மோசடியே.

அந்த மனிதரை மீண்டும் காண நேர்ந்தால் உடனே பதில் சொல்லமாட்டேன். கத்தரியில் என்ன புழு, கிழமைக்கு எத்தனை தடவை அடிக்கிறீர்கள், கையுறை தருகிறார்களா, விதையை எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்பேன். ஹலாலா ஹராமா என்ற பேச்சை அவர் சொல்லி முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.