பயிற்சி கொடையா, கடனா?

உங்கள் வீட்டில் யாராவது தொழிற்சாலையில் இயந்திரம் திருத்தும் வேலை செய்கிறாரா? இயந்திரம் ஒழுங்காக ஓடும்வரை அவரை எவரும் நினைப்பதில்லை. அது நின்றதும்தான் அவரைத் தேடி ஆள் ஓடும். அவருடைய வேலையிலே மற்றத் தொழிலாளருக்கு இல்லாத ஓர் ஆபத்து உண்டு. சுழலும் சில்லுகளுக்கும் பட்டிகளுக்கும் வேலி இடவேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் விதித்திருக்கிறது. இயந்திரத்தை இயக்குபவரை அந்த வேலி காக்கிறது. திருத்துபவரோ அந்த வேலியையே கழற்றிவிட்டு உள்ளே கை வைப்பவர். அங்கே அவரைக் காப்பது எது? ஆபத்து எங்கிருந்து வரும் என்ற அறிவுதான்.

அப்படியானால், அந்த அறிவை அவருக்குக் கொடுப்பது முதலாளி மனமிரங்கிச் செய்யும் கொடையா? அல்லது கூலியைப் போலக் கொடுத்தே தீரவேண்டிய கடனா?

"கவனமாக இருந்தால் போதும், மிச்சத்தை அனுபவம் படிப்பிக்கும்" என்று சொல்வோர் உளர். அனுபவம் நல்ல ஆசான்தான். ஆனால் சில பாடங்களை அது ஒரேயொரு முறைதான் படிப்பிக்கும். பிறகு மாணவன் இருக்கமாட்டான். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும், குழாயில் அடைபட்ட நீராவியும், இழுபட்ட வில்லும், உயர்த்தி நிறுத்திய பாரமும் தம் வலுவை இழப்பதில்லை. நெடுநாள் மூடிக்கிடந்த இரும்புத் தாங்கியினுள்ளே, காற்றிலுள்ள ஒட்சிசனைத் துருவே தின்றுவிடக்கூடும். கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத ஆபத்தை வெறும் கவனத்தால் அறிவது எப்படி? யாராவது சொல்லித்தர வேண்டும்.

நல்ல மனம் மட்டும் இருந்தாலும் போதாது. 2018 ஏப்ரலில் ஹொரணைப் பகுதியில் இறப்பர்த் தொழிற்சாலை ஒன்றின் தொட்டியில் ஐவர் மாண்டனர். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் அவர்களுள் அடங்குவர். இது புதுமையன்று. அடைபட்ட இடங்களில் இறப்போரில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இலேயே எச்சரித்தது. பிறருக்காக உயிரைக் கொடுப்பதிலும் மேலான அன்பு இல்லை என்று கற்றவர்கள் நாம். அத்தகைய அன்புள்ளவர்களை 'அறியாமல் போய் விழுந்தார்கள்' என்று ஏளனம் செய்யலாகாது. "காற்றைச் சோதிக்காமல், சுவாசக் கருவியும் கயிறும் இல்லாமல் இறங்காதே; வெளியே நின்று உதவியைக் கூப்பிடு" என்ற பாடம் முன்கூட்டியே மனதில் பதிந்திருந்தால், அதே அன்பு உயிரைக் காக்கும். பாடம் இல்லாத இடத்திலோ மனிதனின் நற்குணமே அவனுக்குப் பொறியாகிவிடுகிறது.

சொல்லித்தருவது என்றால் கடதாசியில் எழுதிவைப்பதன்று. 1988 யூலை 6ஆம் திகதி இரவு, வடகடலில் பைப்பர் அல்பா என்ற எண்ணெய் மேடையிலே தீ மூண்டது. 167 பேர் மாண்டனர். அங்கே பம்பி ஒன்றின் பாதுகாப்பு வால்வைத் திருத்துவதற்காகக் கழற்றியிருந்தார்கள். அதற்குரிய அனுமதிச் சீட்டும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் இரவு வேலைக்கு வந்தவர்களுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. மற்றப் பம்பி நின்றுபோகவே அவர்கள் இதை இயக்கினார்கள். வாயு கசிந்து வெடித்தது. விசாரணை நடத்திய கலன் பிரபு 1990இல் வெளிவந்த தமது அறிக்கையில், அனுமதிச் சீட்டு முறையைப் பற்றி ஆட்களுக்குப் போதிய பயிற்சி அளிக்கப்படாததையும் குறையாகக் கண்டார்.

அப்படியிருக்க, விளங்காத மொழியில் அரைமணி நேரம் படம் காட்டி, 'பயிற்சி பெற்றேன்' என்று ஒப்பம் வாங்கிக்கொண்டால் கடன் தீர்ந்துவிடுமா? அந்த ஒப்பம் தொழிலாளியைக் காப்பதில்லை. நாளை விபத்து நேர்ந்தால் பழியை அவர் தலையில் போடுவதற்கே உதவும்.

தொழிலாளி கூலிக்குக் கொடுத்தது தமது நேரத்தையும் கைத்திறனையுமே, உயிரை அன்று. ஆபத்தை அறியாமல் 'சரி' என்று தலையாட்டியவர் உண்மையில் சம்மதித்தவரும் அல்லர். தெரிந்தவர் மறைக்க, தெரியாதவர் சம்மதிப்பது எந்தச் சந்தையிலும் நேர்மையான வியாபாரம் ஆகாது. உடல் நலத்துக்கு ஊறு செய்யாத வேலைச் சூழலைத் தொழிலாளியின் உரிமைகளுள் ஒன்றாகவே, 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் வைத்தார். உரிமையானதைக் கொடுப்பது தருமம் ஆகாது, அது நீதி. ஆகவே பயிற்சி கடனே.

ஆனால் இந்தக் கடன் முதலாளிக்கு மாத்திரம் உரியதன்று. திருத்த வேலையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பிரதான ஆளியை நிறுத்தியபின், வேலை செய்யும் ஒவ்வொருவரும் தமது சொந்தப் பூட்டை அதில் மாட்டி, திறப்பைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். ஐந்து பேர் என்றால் ஐந்து பூட்டு. பிறகு ஒருமுறை இயக்கிப் பார்த்து, ஓடவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டே கை வைப்பார்கள். கடைசி ஆள் தம் பூட்டைக் கழற்றும்வரை எவராலும் அதை இயக்க முடியாது. ஐக்கிய அமெரிக்கா 1989இல் இத்தகைய பூட்டு முறையைச் சட்ட விதியாகவே ஆக்கியது. தன் உயிரின் திறப்பைத் தானே வைத்திருப்பது எவ்வளவு பெரிய மரியாதை! இதைக் கற்றபின்னும், "ஐந்து நிமிட வேலைதானே" என்று பூட்டாமல் விடுகிறவர் தமக்கு மட்டுமன்றித் தம்மைப் பார்த்துப் பழகும் இளைஞனுக்கும் தீங்கு செய்கிறார். மூத்த கைகள் எதைச் செய்கின்றனவோ அதையே அவன் பாடமாக எடுத்துக்கொள்வான்.

வாசகரே, உங்கள் மகனோ கணவரோ இன்று வேலை முடிந்து வரும்போது, சம்பளத்தைப் பற்றிக் கேட்பதுபோல இதையும் கேளுங்கள்: "இயந்திரத்தைத் திருத்தும்போது அதை வேறு யாராவது இயக்கிவிடாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? அதை உங்களுக்கு யார் சொல்லித்தந்தார்?" பதில் தயங்கி வந்தால், அங்கே ஒரு கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம்.