முச்சதமும் ஐந்தாவது காரணமும்

ஒரு செயலின் பலனில் செய்தவனுக்கு உரிய பங்கு எவ்வளவு? இந்திய மெய்யியல் மரபுகள் நெடுங்காலம் மோதிக்கொண்ட கேள்வி இது. கிரிக்கெட்டில், அதிலும் பேட்டிங்கில், இது தப்பிக்க முடியாதபடி எழுகிறது. மோசமான பந்து ஒன்றைப் போட்டவர் அடுத்த பந்தில் சரிசெய்துகொள்ளலாம். பேட்ஸ்மேனுக்கோ ஒரே பிழையில் அன்றைய கதை முடிந்துவிடும். பிழையே செய்யாமல் ரன் அவுட் ஆவதும் உண்டு. பிழை செய்தும் ஸ்லிப்பில் நிற்பவர் கேட்சைக் கோட்டைவிட்டதால் பிழைத்துப்போவதும் உண்டு.

இந்திய பேட்ஸ்மேன் கருண் நாயரின் ஆட்ட வாழ்க்கையில் இவை அனைத்தும் நடந்தன. ஆட்டத்துக்கு வெளியேயும் ஒருமுறை தப்பினார்: 2016 ஜூலையில் கேரளத்தின் ஆறன்முளைக்கு அருகே பம்பை ஆற்றில் அவர் சென்ற படகு கவிழ்ந்தது. கரையோர மக்கள் மீட்டனர். அதே ஆண்டு நவம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக மொகாலியில் டெஸ்ட் அறிமுகம். கே.எல்.ராகுலின் காயத்தால் கிடைத்த இடம் அது. 4 ரன்னில் ரன் அவுட். மும்பை டெஸ்டுக்கு முன் ரஹானேயின் விரல் முறிந்ததால் இடம் நீடித்தது, 13 ரன். அடுத்தது சென்னை. வர்தா புயல் நகரத்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன நான்காம் நாள் சேப்பாக்கத்தில் தொடங்கிய டெஸ்ட். 34 ரன்னில் அவர் தந்த கேட்சை ஸ்லிப்பில் நின்ற அலஸ்டர் குக் தவறவிட்டார். மூன்றாம் நாள் முடிவில் 71. டிசம்பர் 19 அன்று, ஒரே நாளில், மேலும் 232 ரன். 299-ல் இருந்தபோது ஆதில் ரஷீத் பந்தில் பவுண்டரி அடித்ததும் 759 ரன்னில் இந்தியா டிக்ளேர் செய்தது. ஆட்டமிழக்காமல் 303. முதல் சதத்தையே முச்சதமாக்கியவர்கள் அவருக்கு முன் சோபர்ஸும் பாப் சிம்ப்சனும் மட்டுமே.

அடுத்த டெஸ்ட், 2017 பிப்ரவரியில் வங்கதேசத்துடன் ஹைதராபாத்தில். ரஹானே குணமாகித் திரும்பியதால் கருணுக்கு இடமில்லை. ஒருவரின் இரண்டு ஆண்டு உழைப்பை இன்னொருவரின் ஒரு ஆட்டத்துக்காக ஒதுக்க முடியாது என்பது கேப்டன் கோலி சொன்ன நியாயம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கிடைத்த நான்கு இன்னிங்ஸில் 54 ரன். பிறகு எட்டு ஆண்டுகள் டெஸ்ட் கிடையாது.

இதை விளக்கப் பழைய பதில்கள் உண்டு. மற்கலியை ஆசானாகக் கொண்ட ஆசீவகர்கள், நேர்வதெல்லாம் நியதி, மனித முயற்சிக்கு அதில் பங்கே இல்லை என்றனர். மணிமேகலையும் நீலகேசியும் அவர்களோடு வாதிடும் அளவுக்கு அந்தக் கொள்கை தமிழகத்தில் வேரூன்றியிருந்தது. ஆனால் குக் கேட்சை விட்டதும் நியதி, அடுத்த நாள் முழுக்க நின்று ஆடியதும் நியதி என்றால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோகிறது. அந்த வேறுபாட்டை அறியாத ரசிகர் ஒருவரும் இருக்க முடியாது.

முன்வினைக் கோட்பாடு செயலுக்கும் பலனுக்கும் உறவைக் காப்பாற்றுகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. முச்சதம் அடித்தாலும் முன்வினை, நீக்கப்பட்டாலும் முன்வினை. எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம், இது ஏன் நடந்தது என்று கேட்பவனுக்கு உதவுவதில்லை. வள்ளுவர் இந்தச் சிக்கலை அறிந்தே இருந்தார் எனத் தோன்றுகிறது. 38-ஆம் அதிகாரத்தில் ஊழைவிட வலியது எதுவுமில்லை என்று முடிப்பவர், 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில், தளராமல் முயல்பவர் ஊழையும் தோற்றோடச் செய்வர் என்கிறார். உரையாசிரியர்கள் இரண்டையும் இணக்கப்படுத்தப் பாடுபட்டனர். முரணாகவே விட்டிருந்தாலும் தவறில்லை. இரண்டும் வாழ்க்கையில் உண்மையாக இருப்பவைதான்.

கருண் நாயரின் கதைக்கு மிக நெருங்கி வருவது கீதையின் 18-ஆம் அத்தியாயம். எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டும் என்கிறது அது: இடமாகிய உடல், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தெய்வம் என்பதற்குச் சங்கரர் கண் முதலிய புலன்களுக்கு அதிபதியான தேவர்கள் என்று பொருள் கொண்டார். ராமானுஜர் உள்நின்று இயக்கும் பரமாத்மா என்றார். எப்படிக் கொண்டாலும், தெய்வம் ஐந்தில் ஒன்று. மற்ற நான்கை அது விழுங்கிவிடுவதில்லை. தான் ஒருவனே கர்த்தா என்று நினைப்பவன் சரியாகக் காண்பதில்லை என்று தொடரும் வரி முச்சதம் அடித்தவருக்குப் பொருந்தும். டக் அவுட் ஆனவருக்கும் அதே அளவுக்குப் பொருந்தும் என்பதைத்தான் யாரும் நினைப்பதில்லை.

ஆனால் அணித் தேர்வை அந்த ஐந்தாவது காரணத்தில் சேர்ப்பது ஏமாற்று. விரல் முறிவது யார் கையிலும் இல்லை. தேர்வுக்குழு என்பது அறையில் அமர்ந்து பெயர் எழுதும் மனிதர்கள். அவர்கள் முடிவுக்குக் காரணம் கேட்கலாம். 2018 இங்கிலாந்துத் தொடரில் ஆரம்பம் முதல் அணியோடு இருந்த கருண் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. கடைசி இரு டெஸ்டுகளுக்குச் சேர்க்கப்பட்ட ஹனும விஹாரி ஓவலில் அறிமுகமானார். இதை விதி என்றால் முடிவெடுத்தவர்கள் பதில் சொல்லும் கடமையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். கோலியின் நியாயம் ஏற்கத்தக்கதோ இல்லையோ, நியாயம் என்ற ஒன்றாவது சொல்லப்பட்டது.

2022-ல் கர்நாடக அணியிலும் இடம்போனது. அந்த டிசம்பரில் இன்னொரு வாய்ப்புத் தரும்படி கிரிக்கெட்டையே விளித்து அவர் சமூக ஊடகத்தில் எழுதினார். தேர்வாளர்களைத் தாண்டி ஆட்டத்திடமே முறையிட்ட அது, வடிவத்தில் ஒரு பிரார்த்தனை. விதர்பாவுக்கு மாறினார். 2024-25 விஜய் ஹசாரே கோப்பையில் ஐந்து சதங்களுடன் 779 ரன். ரஞ்சி இறுதியில் கேரளத்துக்கு எதிராக 86, 135. 2025 ஜூனில் லீட்ஸில் மீண்டும் டெஸ்ட் தொப்பி.

முதல் இன்னிங்ஸில் 0. பிறகு 20, 31, 26, 40, 14, மான்செஸ்டரில் இடமில்லை, ஓவலில் 57, 17. பெரும்பாலும் நிலைத்தபின் விக்கெட் போனது. அடுத்த தொடரில் பெயர் இல்லை. இடையில் ஆடவிட்டிருந்தால் என்ற ஏக்கத்துக்கு இந்த எட்டு இன்னிங்ஸ் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. 25 வயதில் ஆடாத பந்தை 33 வயதில் ஆடிக் காட்ட யாராலும் முடியாது. முன்பு இழைக்கப்பட்டது அநீதி என்றால், பின்னால் எடுத்த ரன் குறைவு என்பதால் அது நீதியாகிவிடாது. அடுத்த பருவத்தில் அவர் கர்நாடகத்துக்கே திரும்பி ரஞ்சி ஆடத் தொடங்கினார்.